நெர்ஃப் பிளாஸ்டர் பழுது நீக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டார்ட் என்னும் சிறு பஞ்சுக் குண்டுகளை எய்யும் நெர்ஃப் வகைப் பொம்மைத் துப்பாக்கிகளான பிளாஸ்டர்கள் சில மாதங்களிலேயே வலுவிழந்துவிட்டன என்றும், சிக்கிக்கொள்கின்றன என்றும், இழுத்தால் நிற்பதில்லை என்றும் பலர் கூறுகிறார்கள். அவற்றுள் பெரும்பாலானவற்றை வீட்டு மேசையிலேயே சரிசெய்துவிட முடியும். எந்த உறுப்பையும் மாற்றுவதற்கு முன் பழுது எங்கே இருக்கிறது என்று உறுதியாகக் கண்டறிய வேண்டும் என்பதே இந்த விடைகளின் அடிப்படை. பழுதைக் கண்டறியாமல் செய்யப்படும் மாற்றம், நன்றாக இருந்த இன்னோர் உறுப்பையும் கெடுத்துவிடுகிறது.

எல்லாப் பிளாஸ்டர்களும் ஒரே முறையில்தான் இயங்குகின்றனவா?

இல்லை. இரண்டு பெரும் பிரிவுகள் உள்ளன. முதல் பிரிவு ஸ்பிரிங் வகை. கைப்பிடியை இழுக்கும்போது உள்ளே ஒரு ஸ்பிரிங் அழுத்தப்பட்டு, பிளஞ்சர் என்னும் உந்துதண்டு பின்னால் சென்று ஒரு பிடியில் மாட்டி நிற்கிறது. டிரிகரை அழுத்தியதும் பிடி விலக, உந்துதண்டு முன்னால் பாய்ந்து தன் முன்னுள்ள காற்றை அழுத்துகிறது. அந்தக் காற்றுதான் டார்ட்டைத் தள்ளுகிறது. மேவரிக், ரீகான், ரிட்டாலியேட்டர், ஸ்ட்ராங்ஆர்ம், ஜோல்ட் ஆகிய மாதிரிகள் இந்த வகையைச் சேர்ந்தவை. இரண்டாவது ஃபிளைவீல் வகை. இதில் காற்றுக்கு வேலையில்லை. எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு சிறு சக்கரங்களுக்கு இடையே டார்ட் தள்ளப்பட, சக்கரங்கள் அதைப் பற்றி வெளியே வீசுகின்றன. ஸ்ட்ரைஃப், ரேவன், ரேபிட்ஸ்ட்ரைக் ஆகியவை இந்தப் பிரிவு. முதல் வகையின் பழுது பெரும்பாலும் காற்றுக் கசிவிலும் தேய்மானத்திலும் இருக்கும். இரண்டாவதன் பழுது பெரும்பாலும் மின்சாரத்தில் இருக்கும்.

டார்ட் முன்புபோலத் தொலைவு போகவில்லை. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

டார்ட்டைப் பாருங்கள். பழுது என்று என்னிடம் வந்தவற்றுள் கணிசமானவற்றில் பிளாஸ்டருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை; டார்ட்டுகள்தான் ஓய்ந்துபோயிருந்தன. நெர்ஃபின் எலைட் வரிசைப் பிளாஸ்டர்களுக்கான டார்ட் ஏறத்தாழ 12.7 மி.மீ. விட்டமும் 1 கிராம் எடையும் கொண்டது. குழலின் உட்சுவரோடு அது மெல்ல உரசியபடி நிற்பதால்தான் பின்னாலுள்ள காற்று பக்கவாட்டில் தப்பாமல் அதைத் தள்ளுகிறது. மிதிபட்டு நசுங்கிய, நடுவில் மடிந்த, தலை பாதி பிய்ந்த டார்ட்டின் ஓரமாகக் காற்று வழிந்து போய்விடும். அதன்பின் உந்துதண்டு எவ்வளவு வேகமாகப் பாய்ந்தாலும் பயனில்லை. எனவே புதிய டார்ட் பத்தை எடுத்து ஒரே இடத்தில் நின்று எய்து பாருங்கள். அவை நன்றாகப் போனால் பிளாஸ்டரைத் திறக்கவே வேண்டாம்.

டார்ட்டுகளை அடுக்கிப் பிளாஸ்டரில் மாட்டும் பெட்டியான மேகசினில் அவற்றை வாரக்கணக்கில் அடைத்து வைக்கும் பழக்கமும் அவற்றைக் கெடுக்கும். மேகசின் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் பஞ்சு முட்டை வடிவத்துக்கு மாறிவிடுகிறது.

காற்றுக் கசிகிறது என்பதை எப்படி உறுதி செய்வது?

சைக்கிள் பம்பின் வாயைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பார்த்திருப்பீர்கள். நல்ல பம்ப் பாதி வழியிலேயே எதிர்த்து நிற்கும், வாஷர் தேய்ந்த பம்ப் சீறிக்கொண்டு கீழே இறங்கிவிடும். இங்கும் அதே சோதனைதான். உடலைத் திறந்து, உந்துதண்டும் அதன் குழாயும் சேர்ந்த பகுதியை மட்டும் வெளியே எடுத்து, ஸ்பிரிங் இல்லாமல், குழாயின் வாயை விரலால் அடைத்துக் கையால் மெதுவாகத் தள்ளுங்கள். தண்டு எதிர்த்து நின்று, விட்டவுடன் சற்றுப் பின்வாங்கினால் அந்த இடத்தில் கசிவு இல்லை. சீறல் கேட்டால், எங்கிருந்து வருகிறது என்று கவனியுங்கள். உந்துதண்டின் தலையைச் சுற்றியுள்ள ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையத்தில் இருந்து வரலாம். குழாயின் முன்மூடி இணையும் இடத்தில் இருந்து வரலாம். குழாயிலேயே மயிரிழை போன்ற விரிசல் இருக்கலாம். விரிசலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் காணலாம்.

இந்தச் சோதனையில் தேறியும் வலு இல்லையென்றால், குழாயின் வாய்க்கும் டார்ட் உட்காரும் இடத்துக்கும் இடையேயுள்ள இணைப்பைப் பார்க்க வேண்டும்.

ஓ-ரிங் தளர்ந்திருக்கிறது. புதிதுதான் வாங்க வேண்டுமா?

வெடித்திருந்தால் புதிதுதான் வேண்டும். அதே உள்விட்டமும் அதே தடிமனும் உள்ளதைப் பழையதைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவதே நல்லது. வெடிக்காமல் தளர்ந்து மட்டும் இருந்தால், குழாய் வேலை செய்பவர்கள் பயன்படுத்தும் டெஃப்லான் டேப் போதும். ஓ-ரிங்கைக் கழற்றி, அது உட்காரும் பள்ளத்தில் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, ஓ-ரிங்கை மீண்டும் மாட்டுங்கள். வளையம் சற்றே வெளியே தள்ளப்பட்டு, குழாயின் சுவரைத் தொடும்.

இரண்டு சுற்று என்று சொன்னால் இரண்டு சுற்றுதான். பலர் ஆர்வத்தில் ஆறேழு சுற்றுச் சுற்றிவிட்டு, முன்பைவிட மெதுவாக எய்கிறது என்று வருந்துகிறார்கள். வளையம் குழாயை இறுகப் பிடித்தால் ஸ்பிரிங்கின் ஆற்றலில் ஒரு பெரும்பகுதி அந்த உராய்விலேயே தீர்ந்துவிடும். கசிவும் கூடாது, இறுக்கமும் கூடாது. குழாயைச் செங்குத்தாகப் பிடித்து வாயைத் திறந்து வைத்தால் தண்டு தன் எடையிலேயே மெல்ல வழுக்கி இறங்க வேண்டும். வாயை அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும். இந்த இரண்டும் ஒருசேர அமையும்வரை ஒவ்வொரு சுற்றாகக் கூட்டியும் குறைத்தும் பார்ப்பதற்கு அரை மணி நேரம் செலவிடலாம். பழுது நீக்கும் வேலையில் மிகுந்த பலன் தரும் அரை மணி நேரம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

எந்த எண்ணெய் போடலாம்? தேங்காய் எண்ணெய் போடலாமா?

சிலிக்கான் கிரீஸ் மட்டும் போடுங்கள். ஓ-ரிங்கைச் சுற்றி ஒரு மெல்லிய படலமும், தண்டு வழுக்கும் தடங்களில் ஒரு தொடுதலும் போதும். குழாய்க்குள் திட்டுத் திட்டாகத் தேங்கினால் அது டார்ட்டுக்குப் போய்ப் பஞ்சைக் கனக்கச் செய்யும்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். கதவுக் கீலுக்கும் பூட்டுக்கும் அதை ஊற்றிப் பழகிய கை இங்கும் அதைத்தான் தேடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது தூசியைப் பிடித்துப் பிசுபிசுப்பாகும். ஏறத்தாழ 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையும். நாள்பட்டால் சிக்கு வாடையடித்துப் பசையாகிவிடும். துரு நீக்கத் தெளிக்கும் திரவங்களும், தையல் இயந்திர எண்ணெயும், பெட்ரோலியம் ஜெல்லியும் சில வகை ரப்பரை ஊதவைக்கும், சில வகைப் பிளாஸ்டிக்கில் விரிசலைத் தூண்டும். உங்கள் பிளாஸ்டரில் இருப்பது எந்த ரப்பர், எந்தப் பிளாஸ்டிக் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது என்பதால், பெரும்பாலானவற்றுக்குக் கேடு செய்யாத சிலிக்கானே பாதுகாப்பானது.

உடலைத் திறக்கும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

முதலில் எல்லா டார்ட்டுகளையும் வெளியே எடுத்துவிட்டு, ஒருமுறை டிரிகரை அழுத்தி ஸ்பிரிங்கைத் தளர்த்திவிடுங்கள். இழுத்து மாட்டிய நிலையில் பிளாஸ்டரை ஒருபோதும் திறக்கக் கூடாது; அழுத்தப்பட்ட ஸ்பிரிங் முகத்துக்கு நேராகப் பாயும். ஃபிளைவீல் வகையாக இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

நடுத்தர அளவுள்ள நட்சத்திர முனைத் திருப்புளி ஒன்று போதும். ஆனால் அதன் தண்டு நீளமாக இருக்க வேண்டும், ஏனெனில் திருகாணிகள் ஆழமான துளைகளுக்குள் இருக்கின்றன. எல்லாத் திருகாணியும் கழன்ற பின்னும் இரண்டு பாதிகளும் பிரியவில்லையென்றால் நெம்பாதீர்கள். ஒட்டுப்படத்துக்கு அடியிலோ, இழுக்கும் கைப்பிடிக்கு உள்ளேயோ இன்னும் ஒரு திருகாணி மறைந்திருக்கும்.

திருகாணிகள் எல்லாம் ஒரே நீளம் அல்ல. ஓர் அட்டையில் பிளாஸ்டரின் உருவத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொன்றையும் அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். என் தொடக்க நாட்களில் இதைச் செய்யாமல், நீளமான திருகாணி ஒன்றைக் குட்டையான துளையில் முறுக்கி, ரிட்டாலியேட்டர் ஒன்றின் வெளிச்சுவரைப் பிளந்துவிட்டேன். அது பக்கத்து வீட்டுச் சிறுவனுடையது, அவன் முகம் இன்னும் நினைவிருக்கிறது. மேல் பாதியைத் தூக்கியவுடன், எதையும் தொடுவதற்கு முன், கைபேசியில் நான்கைந்து படங்கள் எடுத்துவிடுங்கள். டிரிகரின் சிறு ஸ்பிரிங்கும் பிடியின் சிறு ஸ்பிரிங்கும்தான் முதலில் தெறித்துக் காணாமல் போகும்; ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் வேலை செய்தால் அவற்றைத் தேடி எடுக்கலாம்.

திரும்ப மூடும்போது ஒவ்வொரு திருகாணியையும் முதலில் எதிர்ப்புறமாக மெதுவாகச் சுற்றுங்கள். மெல்லிய ‘டிக்’ என்ற உணர்வு விரலுக்குத் தெரியும். பழைய மறையின் வாயில் திருகாணி விழுந்துவிட்டது என்று பொருள். அதன்பின் முன்னோக்கி முறுக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் ஒவ்வொரு முறையும் பிளாஸ்டிக்கில் புதிய மறை வெட்டப்பட்டு, மூன்று நான்கு தடவைக்குள் துளை பெரிதாகிவிடும்.

பெட்டியில் 90 அடி என்று போட்டிருக்கிறது; என் பிளாஸ்டர் பத்து மீட்டரிலேயே தரையைத் தொடுகிறது. இது பழுதா?

பெரும்பாலும் பழுதல்ல. கணக்கிட்டுப் பார்ப்போம். எலைட் வகையில் டார்ட் கிளம்பும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 21 மீட்டர். தோள் உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.5 மீட்டரில், சமதளமாகப் பிடித்து எய்தால் எந்தப் பொருளும் 0.55 நொடியில் தரையைத் தொட்டுவிடும். அந்த 0.55 நொடியில், காற்றின் தடையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், டார்ட் 11.6 மீட்டர்தான் போக முடியும். பஞ்சு இலேசானது, காற்று அதை வெகுவாகத் தடுக்கும் என்பதால், அதற்கும் முன்பே விழும். எலைட் 2.0 பெட்டியில் அச்சிட்டுள்ள 90 அடி, அதாவது சுமார் 27 மீட்டர், மேல்நோக்கிச் சாய்த்து எய்யும்போது கிடைக்கக்கூடிய உச்சத் தொலைவு. ஆகவே சமதளமாகப் பிடித்து ஒன்பது, பத்து மீட்டர் போகும் பிளாஸ்டர் நலமாகவே இருக்கிறது. அதைப் பழுதென்று நினைத்துத் திறப்பதால்தான் உண்மையான பழுதுகள் தொடங்குகின்றன.

வலுவான ஸ்பிரிங் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே?

இதைத்தான் நான் மிகவும் மறுக்க விரும்புகிறேன். வலுவான ஸ்பிரிங் எந்தப் பழுதையும் நீக்குவதில்லை. பழுதை மறைக்கிறது, பிறகு பெரிதாக்குகிறது.

ஸ்பிரிங்கில் தேங்கும் ஆற்றல் அதன் விறைப்போடு நேர்விகிதத்தில் கூடும். ஆனால் டார்ட்டின் வேகம் ஆற்றலின் வர்க்கமூலத்தோடுதான் கூடும். எனவே இரண்டு மடங்கு விறைப்புள்ள ஸ்பிரிங்கைப் போட்டால், எல்லாமே கச்சிதமாக இருந்தாலும், வேகம் அதிகபட்சம் 1.41 மடங்குதான் ஆகும். நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். ஆனால் இழுக்க வேண்டிய விசை முழுதாக இரண்டு மடங்கு. பிடியின் சிறு விளிம்பு தாங்க வேண்டிய சுமையும் இரண்டு மடங்கு. பாய்ந்து வரும் உந்துதண்டு முன்சுவரில் இடிக்கும் ஆற்றலும் இரண்டு மடங்கு. எட்டு வயதுச் சிறுவன் இழுப்பதற்காக வார்க்கப்பட்ட பிளாஸ்டிக் அது. முதலில் பிடி தேயும், அடுத்து இழுக்கும் கைப்பிடி பிளக்கும், கடைசியில் உந்துதண்டின் தலை முறியும். ஓ-ரிங் கசியும் பிளாஸ்டரில் இதைச் செய்தால், கூடுதல் ஆற்றலில் பெரும்பகுதி கசிவின் வழியாகவே வெளியேறிவிடும்.

கசிவை அடைத்து, உராய்வைக் குறைத்து, டார்ட்டை மாற்றிய பிறகும் வேகம் போதவில்லை, அதே சமயம் ஸ்பிரிங் தன் நீளத்தை இழந்து குறுகியிருக்கிறது என்றால், மூல அளவிலேயே புதிய ஸ்பிரிங் ஒன்றைப் போடுங்கள். பழைய ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிப் போடுவது சில நாட்களே தாங்கும்.

இழுத்தால் பிடித்து நிற்கவில்லை; கைப்பிடி தானாக முன்னால் வந்துவிடுகிறது. ஏன்?

உந்துதண்டைப் பிடித்து நிறுத்த வேண்டிய பிடி தன் வேலையைச் செய்யவில்லை. மூன்று காரணங்கள் இருக்கலாம்.

பிடியை மேலே தள்ளும் சிறு ஸ்பிரிங் இடம் மாறியிருக்கலாம், அல்லது விழுந்திருக்கலாம். அண்மையில் திறந்து மூடிய பிளாஸ்டர் என்றால் இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு மிகுதி. அது தளர்ந்திருந்தால், அழுத்தி எழுதும் பேனாவின் ஸ்பிரிங்கை அளவாக வெட்டி அதன் இடத்தில் வைக்கலாம். பலகாலமாகப் பலர் செய்துவரும், நன்றாக உழைக்கும் வைத்தியம் அது. இரண்டாவதாக, டிரிகர் முழுதாக முன்னால் திரும்பாமல் பாதியில் நின்று, பிடியைக் கீழே அழுத்திக்கொண்டே இருக்கலாம். டிரிகரின் ஸ்பிரிங்கையும், உடல் விளிம்பில் அது உரசும் இடத்தையும் பாருங்கள். மூன்றாவது தேய்மானம். பிடியும் தண்டின் பள்ளமும் சந்திக்கும் விளிம்புகள் நேராக, கூர்மையாக இருக்க வேண்டும்; உருண்டுபோயிருந்தால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். தட்டையான சிற்றரத்தால் அந்த முகத்தை மீண்டும் நேராக்கலாம், ஆனால் ஒன்றிரண்டு இழுப்புக்கு மேல் அராவாதீர்கள். அரை மில்லிமீட்டர் போனாலும் பிடி எட்டாது.

டிரிகர் அழுந்தவே இல்லை. உடைந்துவிட்டதா?

மேகசின் வகைகளில் உள்ளே பல பூட்டுகள் உண்டு. சிக்கிய டார்ட்டை எடுப்பதற்கான மூடி திறந்திருந்தாலோ, கைப்பிடி முழுதாக முன்னால் வராவிட்டாலோ, மேகசின் சரியாக மாட்டப்படாவிட்டாலோ டிரிகரையும் இழுப்பையும் இவை தடுத்து நிறுத்தும். எனவே வலுவாக அழுத்தாதீர்கள். அழுத்தினால் உண்மையாகவே உடையும். மூடியைச் சாத்தி, மேகசினைத் தட்டி மாட்டி, கைப்பிடியைக் கடைசிவரை பின்னால் இழுத்து, கடைசிவரை முன்னால் தள்ளிப் பாருங்கள்.

இந்தப் பூட்டுகளை அடியோடு எடுத்துவிட்டால் பிளாஸ்டர் இலகுவாக இயங்கும் என்பது உண்மைதான். பெரியவர்கள் பலர் எடுத்துவிடுகிறார்கள். சிறுவர்கள் பயன்படுத்தும் பிளாஸ்டரில் நான் எடுப்பதில்லை, ஏனெனில் அவர்கள் பாதி இழுத்த நிலையில் டிரிகரை அழுத்துவார்கள் என்பதை எதிர்பார்த்தே அவை வைக்கப்பட்டிருக்கின்றன. பூட்டின் நகரும் பகுதியில் பிசிறு இருந்தால் அதை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். அநேகமாக அதுவே போதும்.

டார்ட் அடிக்கடி சிக்கிக்கொள்கிறது.

கைப்பிடியைப் பாதிவரை மட்டும் இழுத்துத் தள்ளுவதே முதன்மைக் காரணம். மேகசினிலிருந்து அடுத்த டார்ட் மேலே எழுவதற்கு முன்பே உள்ளறை முன்னால் வந்து அதன் நடுவில் இடித்து மடித்துவிடுகிறது. அல்லது ஏற்கெனவே உள்ளே ஒன்று இருக்க இன்னொன்றும் ஏறிக்கொள்கிறது. முழு இழுப்பு, முழுத் தள்ளு என்று பழக்கினால் பாதிச் சிக்கல்கள் மறையும். மேகசினின் உள்ளே தலைகள் எல்லாம் முன்சுவரைத் தொட்டு வரிசையாக நிற்கின்றனவா என்றும், மேல் உதடுகளில் ஒன்று வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மேகசினை மாட்டியபின் கீழ்நோக்கி ஆடினால், அதன் தாழ்ப்பாள் தேய்ந்திருக்கிறது. மேகசினின் கொக்கிப் பள்ளத்தில் மெல்லிய பிளாஸ்டிக் சீவல் ஒன்றை ஒட்டினால் ஆட்டம் நின்று, டார்ட் சரியான உயரத்துக்கு வரும்.

காற்றுத் தடுப்பானை எடுத்துவிடலாமா?

பழைய மாதிரிகள் பலவற்றில் டார்ட் உட்காரும் இடத்துக்குப் பின்னால் ஸ்பிரிங் வைத்த சிறு அடைப்பு ஒன்று இருக்கும்; மேவரிக்கில் ஆறு குழல்களுக்கும் தனித்தனியே உண்டு. டார்ட் உள்ளே அழுந்தியிருந்தால்தான் அது விலகிக் காற்றுக்கு வழிவிடும். இதற்கு இரண்டு நோக்கங்கள். குழலுக்குள் பென்சிலையோ கல்லையோ போட்டு எய்ய முடியாமல் தடுப்பது ஒன்று; டார்ட் இல்லாமல் எய்யும்போது உந்துதண்டுக்குக் காற்று மெத்தையாக இருந்து இடியைத் தாங்குவது மற்றொன்று. அதை எடுத்துவிட்டால் காற்றின் வழி சற்றுத் தாராளமாகும், ஆனால் இந்த இரண்டு பாதுகாப்பும் போய்விடும். தடுப்பான் தூசியடைத்து ஒட்டிக்கொண்டிருந்தால் பஞ்சுக் குச்சியால் துடைத்து, அது தடையின்றி நகர்கிறதா என்று பாருங்கள். ஒரு குழலில் மட்டும் வலுக் குறைந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே.

சுழலும் உருளை உள்ள பிளாஸ்டரில் ஒன்றிரண்டு குழல்கள் மட்டும் எய்வதில்லை.

உருளை முழுதாகச் சுழன்று நேராக நிற்காததால், காற்றின் வாயும் குழலின் வாயும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. உருளையை அடுத்த இடத்துக்குத் தள்ளும் நகம் தேய்ந்திருக்கிறதா, ஒவ்வொரு இடத்திலும் அதை நிறுத்தும் சிறு ஸ்பிரிங் இருக்கிறதா என்று பாருங்கள். விளையாட்டில் அவசரமாகக் கையால் சுழற்றுவதே இந்த நகத்தைத் தேய்க்கிறது.

உடைந்த பகுதியை எதால் ஒட்டுவது?

வெளியுடல் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக். அசிட்டோன் அதைக் கரைக்கும் என்பதால், அதே பிளாஸ்டிக்கின் துண்டுகளைச் சிறிது அசிட்டோனில் கரைத்துக் குழம்பாக்கி விரிசலில் தடவினால், காய்ந்ததும் இரண்டும் ஒரே துண்டாகிவிடும். காற்றோட்டமான இடத்தில், நெருப்பின்றிச் செய்யுங்கள். இதே காரணத்தால் நகப்பூச்சு நீக்கும் திரவத்தால் பிளாஸ்டரைத் துடைக்கக் கூடாது. மேற்பரப்பு மங்கிப் பாழாகும்.

உள்ளே வழுக்கி இயங்கும் பிடி போன்ற உறுப்புகள் பலவும் மெழுகு போன்ற வழவழப்பான வேறொரு பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டவை. உடனடிப் பசையோ அசிட்டோனோ அவற்றில் நிற்காது. அங்கே ஒட்டுவதைவிட, மெல்லிய துளை போட்டுச் சிறு திருகாணியாலோ உலோகத் தகட்டாலோ இணைப்பதே நிலைக்கும். இழுக்கும் கைப்பிடியின் விரிசலுக்கும் உள்பக்கம் ஓர் அலுமினியப் பட்டையைத் திருகுவதையே நான் பரிந்துரைப்பேன். எம்-சீல் போன்ற பிசைந்து ஒட்டும் பொருள், தேய்ந்து பெரிதான திருகாணித் துளைகளை நிரப்ப நன்றாக உதவும்.

சில எலைட் 2.0 மாதிரிகளில் உடலின் பாதிகள் திருகாணியோடு பசையாலும் இணைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைச் சேதமின்றித் திறப்பது கடினம். வெளியிலிருந்தே தீரக்கூடிய பழுதாக இருந்தால் திறக்காமல் விடுவதே மேல்.

ஸ்ட்ரைஃப் சுழலவே இல்லை, அல்லது மெதுவாகச் சுழல்கிறது.

மேகசின் இல்லாமல் அது சுழலாது. மூடி திறந்திருந்தாலும் சுழலாது. அவற்றைச் சரிபார்த்தபின் நான்கு பென்சில் பேட்டரிகளையும் ஒருசேர மாற்றுங்கள். பேட்டரி கசிந்து தொடுமுனையில் வெண்பச்சைப் படிவு தெரிந்தால், எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, பிறகு ஈரமின்றி உலர்த்துங்கள். அடுத்து சக்கரங்களைப் பாருங்கள். தலைமுடியும் பஞ்சுத் துகளும் அச்சில் சுற்றியிருக்கும், இடுக்கியால் எடுத்துவிடலாம். நீண்ட நேரம் சுழன்று திடீரென நின்றால், மிகை மின்னோட்டத்தைத் தடுக்கும் சிறு உறுப்பு சூடேறித் துண்டித்திருக்கும்; ஆறவிட்டால் மீளும். டார்ட் ஒரு பக்கமாக வளைந்து, வலுவின்றி விழுந்தால், ஒரு மோட்டார் மட்டும் ஓடுகிறது என்று ஐயப்படலாம். கம்பிகளைக் கழற்றி மீண்டும் பற்றவைத்தபின் டார்ட் வெளியே போகாமல் உள்ளேயே திணறினால் ஒரு மோட்டாருக்கோ இரண்டுக்குமோ முனைகள் மாறியிருக்கின்றன.

அதே அளவில் லித்தியம் பேட்டரி கிடைக்கிறது, போடலாமா?

நான்கையும் அதுவாகப் போடவே கூடாது. சாதாரணப் பென்சில் பேட்டரி ஒன்று 1.5 வோல்ட், நான்கும் சேர்ந்து 6 வோல்ட். 14500 என்ற எண்ணிட்ட லித்தியம் அயன் மின்கலம் தோற்றத்தில் அதேபோல இருந்தாலும் ஒன்றே 3.7 வோல்ட்; நான்கு சேர்ந்தால் 14.8 வோல்ட் ஆகிவிடும். மூல மோட்டாரும் சுவிட்சும் மெல்லிய கம்பிகளும் அதைத் தாங்கா. கம்பியின் உறை உருகுவதில் தொடங்கித் தீயில் முடியலாம். 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மறுமின்னேற்றப் பேட்டரிகளைத் தயங்காமல் போடலாம். நான்கும் சேர்ந்து 4.8 வோல்ட்தான் என்றாலும், மோட்டார் மிகுந்த மின்னோட்டம் கேட்கும்போது அவற்றின் மின்னழுத்தம் அவ்வளவாகத் தாழ்வதில்லை.

பழுது நீக்கியபின் பாதுகாப்புக் குறித்து ஏதேனும் உண்டா?

கண். 2017ஆம் ஆண்டில் லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையின் மருத்துவர்கள், இத்தகைய டார்ட் கண்ணில் பட்டதால் உள்ளே இரத்தம் கசிந்த மூன்று பேரைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். எய்பவரும் அருகில் நிற்பவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். 1 கிராம் டார்ட் நொடிக்கு 21 மீட்டரில் செல்லும்போது சுமக்கும் ஆற்றல் 0.22 ஜூல், நொடிக்கு 40 மீட்டர் என்றால் 0.8 ஜூல். வேகம் இரண்டு மடங்கு நெருங்கும்போது ஆற்றல் நான்கு மடங்கை நெருங்குகிறது. நுனியின் ஆரஞ்சு நிறத்தை மறைக்கவோ வெட்டவோ வேண்டாம். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இது பொம்மை என்று சொல்வது அந்த நிறந்தான். இன்னொன்றும் உண்டு: பிளாஸ்டரை மாற்றியமைக்க வேண்டாம் என்று உற்பத்தியாளர் பெட்டியிலேயே எச்சரிக்கிறார். திறந்தபின் பொறுப்பு முழுதும் உங்களுடையது.

வேலை உண்மையிலேயே பலித்ததா என்று எப்படி அளப்பது?

திறப்பதற்கு முன்பே அளவு எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் ஒப்பிட எதுவும் இராது. நொடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவியக்கக் காட்சி பல கைபேசிகளில் உண்டு. ஒரு சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் 2 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் போட்டு, கைபேசியை எட்ட நிறுத்தி, சுவரை ஒட்டி எய்யுங்கள். டார்ட்டின் தலை முதல் கோட்டிலிருந்து இரண்டாவது கோட்டுக்குப் போக எத்தனை படங்கள் ஆயின என்று எண்ணுங்கள். 23 படம் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 21 மீட்டர். 30 படம் என்றால் 16 மீட்டர்தான். ஒரே டார்ட்டை வைத்து முடிவு செய்யாமல், அதே பத்து டார்ட்டுகளை முன்னும் பின்னும் எய்து எழுதி வையுங்கள். சராசரியைவிட அவற்றுக்கிடையேயுள்ள ஏற்ற இறக்கத்தைக் கவனியுங்கள். ஒன்று 18 படத்திலும் அடுத்தது 29 படத்திலும் கடந்தால், ஓ-ரிங் இன்னும் சில இடங்களில் குழாயைத் தொடவில்லை. கழற்றி இன்னொரு சுற்று டேப் போட்டுப் பாருங்கள்.